தண்டவாளத்துக்கா, தார்ச்சாலைக்கா? – வாசகர் கேள்வி பதில்

அரசுப் பணம் முதலில் சாலைக்குப் போக வேண்டுமா, ரயிலுக்குப் போக வேண்டுமா என்று வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஐயா, நேராகவே கேட்கிறேன். அரசிடம் ஆயிரம் கோடி ரூபாய் மிஞ்சினால் சாலைக்கா, ரயிலுக்கா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். – மதுரை வாசகர்

பதில்: எந்த அரசிடம் மிஞ்சியது என்று நீங்கள் முதலில் சொல்ல வேண்டும். ரயில்வே மத்தியப் பட்டியலில் இருப்பது. தேசிய நெடுஞ்சாலையும் அப்படியே. மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஊராட்சிச் சாலை எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. மெட்ரோவையும், ரயில்வே மேம்பாலத்துக்குப் போடும் பாதிப் பங்கையும், நிலம் எடுத்துக் கொடுப்பதையும் விட்டால், கோட்டையில் இருப்பவர்களுக்கு ‘ரயிலா, சாலையா’ என்ற தேர்வே பெரும்பாலும் வருவதில்லை. அந்தத் தேர்வு டெல்லிக்குத்தான்.

டெல்லியின் கணக்கைப் பாருங்கள். 2025-26 பட்ஜெட்டில் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குச் சுமார் 2.87 லட்சம் கோடி, ரயில்வேயின் மூலதனச் செலவுக்குச் சுமார் 2.52 லட்சம் கோடி. ஏறக்குறைய சமபங்கு. பங்கு பிரிப்பதில் பெரிய அநியாயம் இல்லை. பிரித்த பங்கை எதில் போடுகிறார்கள் என்பதில்தான் சண்டை போட வேண்டியிருக்கிறது.

சுற்றி வளைக்காத பதில் இது. டெல்லியில் மிஞ்சினால், ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் ரயில் பாதையை முடிக்கட்டும். அடுத்தது, நெரிசலான ஒற்றைப் பாதையை இரட்டையாக்கட்டும். சென்னையில் மிஞ்சினால், ஏற்கெனவே போட்ட சாலையைப் பழுது பார்க்கட்டும். புதிய எக்ஸ்பிரஸ் சாலை இரண்டு பட்டியலிலும் கடைசி. காரணங்கள் அடுத்த பதில்களில்.

கேள்வி: மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தியபோது என் மகள் ஒன்றாம் வகுப்பு. ரயில் திரும்பி வந்தபோது அவள் கல்லூரிக்குப் போகத் தயார். இப்படி இழுத்தடிப்பதற்குப் பதில் அந்தப் பணத்தைச் சாலையில் போட்டிருக்கலாமே? – போடிநாயக்கனூர் வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயம். மதுரை–போடி 90 கிலோமீட்டர். 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனி வரை அகல ரயில் 2022 மே மாதம் வந்தது. போடிக்கு 2023 ஜூன். இத்தனைக்கும் புதிதாகப் பாதை போடவில்லை. நிலம் ரயில்வேயிடமே இருந்தது, மண் கரையும் இருந்தது. மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர், அகலப் பாதையில் 1,676. அந்த 676 மில்லிமீட்டருக்காகக் கரையை அகலப்படுத்த வேண்டும், பாலங்களை வலுவாக்கவோ மாற்றவோ வேண்டும், வளைவுகளை நிமிர்த்த வேண்டும், ஆண்டிபட்டி கணவாயில் பாறையை உடைக்க வேண்டும். சிரமமான வேலைதான். ஆனாலும் பன்னிரண்டு வருஷ வேலை இல்லை.

இழுத்ததற்குப் பெரிய காரணம் பணம் சொட்டுச் சொட்டாக வந்தது. ரயில்வேயின் திட்ட வாரி ஒதுக்கீட்டுப் பட்டியலுக்கு ‘பிங்க் புக்’ என்று பெயர். தமிழ்நாட்டின் புதிய பாதைத் திட்டங்கள் சிலவற்றுக்கு எதிரே, வருஷத்துக்கு வெறும் 1,000 ரூபாய் என்று அதில் போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது அச்சுப் பிழை இல்லை. திட்டத்தைக் கைவிட்டதாகச் சொல்லாமல், பட்டியலில் உயிரோடு வைத்திருக்க ஒரு பேருக்கு வைக்கும் தொகை. இப்படி வைத்தால் என்ன ஆகும்? ஒப்பந்ததாரர் பில் நிலுவையில் நிற்கும். அவர் ஜேசிபியையும் ஆட்களையும் வேறு சைட்டுக்குக் கொண்டுபோவார். ஒப்பந்தக் காலம் முடியும். மறு டெண்டர், புது விலை. போட்ட கரையை இரண்டு மழைக்காலம் அரிக்கும். அதையும் திரும்பக் கொட்ட வேண்டும்.

சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த இடத்தில்தான். பத்து கிலோமீட்டர் சாலையில் நான்கு முடிந்தால் அந்த நான்கில் மறுநாளே பஸ் ஓடும். ரயில் பாதையில் 90 கிலோமீட்டரில் 89 முடிந்து ஒரு பாலம் பாக்கி என்றால், பாலத்துக்கு அப்பால் போட்டதெல்லாம் சும்மா கிடக்கும் இரும்பு. முடிந்த பகுதியிலும், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து டிராலியில் போய், வேகச் சோதனை நடத்தி, அனுமதிக் கடிதம் கொடுத்த பிறகே பயணிகள் ஏறலாம். (அவர் ரயில்வே அமைச்சகத்தின் ஆள் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற ஏற்பாடு.) ஆகையால், பணத்தைப் பத்து இடத்துக்குப் பிய்த்துக் கொடுப்பது சாலைக்கு ஓரளவு தாங்கும், ரயிலுக்குத் தாங்காது. பத்து ரயில் திட்டத்துக்கு நூறு நூறு கோடி கொடுப்பதைவிட இரண்டுக்கு ஐந்நூறு ஐந்நூறு கொடுத்து முடிப்பது மேல். எந்த எம்.பி.யும் மேடையில் இதைச் சொல்ல மாட்டார், ஏனென்றால் மீதி எட்டில் ஒன்று அவர் தொகுதியில் இருக்கும்.

கேள்வி: ஒரு கிலோமீட்டருக்கு எது மலிவு? – சென்னை, குரோம்பேட்டை வாசகர்

பதில்: 2022 மே 26 அன்று சென்னையில் ஒரே மேடையில் பிரதமர் தொடங்கி வைத்தவற்றிலும் அடிக்கல் நாட்டியவற்றிலும் மூன்றை எடுத்துக்கொள்வோம். அன்று அரசு அறிவித்த தொகைகள்: தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாவது பாதை 30 கி.மீ., 590 கோடிக்கு மேல். மதுரை–தேனி அகலப் பாதை 75 கி.மீ., 500 கோடிக்கு மேல். பெங்களூரு–சென்னை எக்ஸ்பிரஸ் சாலை 262 கி.மீ., 14,870 கோடிக்கு மேல். வகுத்தால் கிலோமீட்டருக்கு முறையே ஏறக்குறைய 20 கோடி, 7 கோடி, 57 கோடி.

உடனே ‘பார்த்தீர்களா, ரயில்தான் மலிவு’ என்று துள்ள வேண்டாம். தேனிப் பாதைக்கு நிலச் செலவு அநேகமாக இல்லை. தாம்பரத்தில் ஏற்கெனவே ஓடும் இரண்டு பாதைக்குப் பக்கத்தில் ஒன்று. எக்ஸ்பிரஸ் சாலையோ வயல் வழியே புதிதாக நிலம் எடுத்துப் போடுவது. கணக்கு சொல்வது வேறு: இருக்கும் பாதையோடு ஒட்டி ஒன்றைச் சேர்ப்பது, அது ரயிலானாலும் சாலையானாலும், புதிதாக வெட்டுவதைவிட எப்போதும் மலிவு. நிலத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலைக்கு 60 மீட்டர் அகலம் எடுப்பது வழக்கம். இரட்டை ரயில் பாதையின் கரை உச்சியில் அகலம் 13.16 மீட்டர், சரிவு, வடிகால் எல்லாம் சேர்த்தாலும் நெடுஞ்சாலையைவிடக் குறைவான நிலமே போகும். கரை உயரமான இடங்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

கேள்வி: விருதுநகர்–தென்காசி தடத்தில் கூடுதல் ரயில் கேட்டால் ‘லைன் கெபாசிட்டி இல்லை’ என்கிறார்கள். பாதை காலியாகத்தானே கிடக்கிறது? – ராஜபாளையம் வாசகர்

பதில்: நீங்கள் பார்க்கும்போது காலியாகக் கிடக்கும். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள துண்டில் (அதற்கு செக்‌ஷன் என்று பெயர்) ஒரு நேரத்தில் ஒரே ரயில். எதிர் ரயில் வந்து சேரும் வரை இது லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதையில், நிற்க வேண்டும். எத்தனை ரயில் விடலாம் என்பதற்கு ரயில்வேயில் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது, ஸ்காட் சூத்திரம் என்பார்கள். ஒரு நாளின் 1,440 நிமிடத்தை, மிக மெதுவான ரயில் மிக நீளமான செக்‌ஷனைக் கடக்க ஆகும் நிமிடமும் பிளாக் கருவியை (அடுத்த ஸ்டேஷனிடம் ரயிலுக்கு அனுமதி வாங்கும் கருவி) இயக்க ஆகும் நிமிடமும் சேர்ந்த தொகையால் வகுங்கள். வந்ததில் 70 சதவீதம். மீதி 30 பராமரிப்புக்கும் தாமதத்துக்கும்.

போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு 10 கி.மீ. செக்‌ஷன், கூட்ஸ் கடக்க 15 நிமிடம், பிளாக் வேலைக்கு 5. மொத்தம் 20. 1,440-ஐ 20-ஆல் வகுத்தால் 72, அதில் 70 சதவீதம் 50. இரண்டு திசைக்கும் சேர்த்து 50, அதாவது போக 25, வர 25. இப்போது அந்தச் செக்‌ஷனின் நடுவில், எதிரெதிர் ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும் ஒரு கிராசிங் ஸ்டேஷன் போட்டால், கடக்க 8 நிமிடம், பிளாக்குக்கு 5, மொத்தம் 13. விடை 77. ஒரு லூப் லைன், நான்கைந்து சிக்னல், ஒரு சிறு கட்டடம், இவ்வளவுக்கு ஐம்பது எழுபத்தேழாகிறது. இரட்டைப் பாதையே போட்டால் ஒவ்வொரு திசைக்கும் 50, மொத்தம் 100. தானியங்கி சிக்னலும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. செக்‌ஷன்களின் நீளத்தை எல்லா இடத்திலும் சமமாகக் குறைக்காமல் ஒன்றை மட்டும் குறைத்தால் பலன் இல்லை. சூத்திரத்தில் நுழைவது மிக நீளமான செக்‌ஷன்தான். பத்தில் ஒன்பதைச் சரி செய்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றே மொத்தத் தடத்தின் கழுத்தை நெரிக்கும். இன்னொன்று, லூப்பின் நீளம். முழு நீளக் கூட்ஸ் நிற்க 686 மீட்டர் வேண்டும் என்பது நீண்ட கால வழக்கம். பழைய மீட்டர் கேஜ் ஸ்டேஷனில் இடம் போதாமல் லூப் குட்டையாக நின்றுவிட்டால், நீளமான ரயிலை அங்கே ஒதுக்க முடியாது. இரண்டு ஸ்டேஷன் பின்னாலேயே பிடித்து வைப்பார்கள். உங்கள் எக்ஸ்பிரஸ் நடு இரவில் காரணமே இல்லாமல் நிற்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்தக் கணக்கால்.

அடுத்த முறை மனு எழுதும்போது ‘கூடுதல் ரயில் வேண்டும்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே அதிக நேரம் ஆகிறது என்று கால அட்டவணையைப் பார்த்து, அங்கே கிராசிங் ஸ்டேஷன் கேளுங்கள். இருபது பக்க மனுவைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: லாரித் தொழிலை நம்பி எங்கள் ஊரே இருக்கிறது. ரயிலுக்குப் பணத்தைக் கொட்டினால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது? – நாமக்கல் வாசகர்

பதில்: உங்கள் சரக்கில் எது ரயிலுக்குப் போகும், எது போகாது என்று பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும்.

முட்டை போகாது. பண்ணை வாசலில் ஏற்றி மறுநாள் காலை கேரளத்தில் மொத்தக் கடை வாசலில் இறக்க வேண்டிய சரக்கு அது. ரயிலில் போட்டால் பண்ணையிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து கடை என்று இரண்டு கை கூடுதலாக மாறும். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் உடையும். தூரம் குறைவாக இருக்கும் வரை இந்த ஏற்று இறக்குக் கூலியே ரயிலின் மலிவுக் கட்டணத்தைத் தின்றுவிடும். தொழிலில் உள்ளவர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை 300 முதல் 500 கி.மீ. அதற்கு உள்ளே லாரி, அதற்கு மேலே மொத்தச் சரக்கானால் ரயில்.

நிலக்கரி வேறு கதை. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் நான்கு, 600 மெகாவாட் ஒன்று. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால், எல்லாம் முழு வீச்சில் ஓடும் நாளில் சுமார் 24,000 டன் வேண்டும். 58 வேகன் கொண்ட ஒரு ரேக் ஏறக்குறைய 3,700 டன் கொண்டுவரும். ஆறேழு ரேக்கில் வேலை முடிந்தது. இதையே 25 டன் லாரியில் எண்ணூர் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தால் தினம் 960 லோடு. அவ்வளவு வண்டி சேலம் சாலையில் ஓடினால் சாலை என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இரும்பின் மேல் இரும்பு உருளும்போது உராய்வு லாரி டயருக்கு ஆவதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான். நீண்ட தூரத்துக்கு டீசல் கணக்கில் லாரி ஜெயிக்க முடியாது. ஆனாலும் சரக்கு ஏன் லாரிக்கு வந்தது? ரயில்வேயும் ஒரு காரணம். முழு ரேக் சரக்கு வைத்திருந்தால்தான் பேசுவார்கள். பத்து வேகன் வேண்டும் என்பவருக்குப் பதில் இல்லை. ஏற்ற இறக்கக் கொடுக்கும் சில மணி நேரத்தைத் தாண்டினால் வேகனுக்கு மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் ஏறும். கூட்ஸ் ஷெட்டில் இரவு விளக்கு இருக்காது, மழையில் கூரை ஒழுகும். வண்டி எப்போது போய்ச் சேரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் பயணிகள் ரயில் எல்லாம் போன பிறகுதான் கூட்ஸுக்கு வழி. சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. போலத்தான். லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கி.மீ., தாத்ரியிலிருந்து மும்பை நேரு துறைமுகம் வரை 1,506 கி.மீ. என்று சரக்குக்கு மட்டும் தனிப் பாதை போட்டதன் காரணம் அதுதான். அந்தத் தடங்களில் கூட்ஸ் 100 கி.மீ. வரை ஓடலாம். தெற்கே அப்படி ஒன்று இன்னும் இல்லை.

லாரியும் ரயிலும் சேர்ந்து பிழைக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. கொங்கண் ரயில்வே 1999 முதல் லோடு லாரியைத் தட்டை வேகனில் அப்படியே ஏற்றிக்கொண்டு போகிறது. மகாராஷ்டிரத்தின் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணாவுக்கு, பிறகு கர்நாடகத்தின் சூரத்கல்லுக்கும் அந்தச் சேவை வந்தது. மலைப்பாதையில் டிரைவர் ஸ்டீயரிங் பிடிக்காமல் தூங்கிக்கொண்டு போவார். டீசலும் டயரும் மிச்சம். சிக்கல் லோடின் உயரம். மேலே மின்கம்பி இருக்கும் தடத்தில் உயரமாகக் கட்டிய லோடை ஏற்ற மாட்டார்கள்.

கேள்வி: சுங்கச்சாவடியில் கட்டுகிறோம், பெட்ரோலில் செஸ் கட்டுகிறோம். சாலைக்கு எங்கள் பணம், ரயிலுக்கு அரசுப் பணமா? – கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: கார் வைத்திருப்பவர் கோபப்பட வேண்டியது ரயில் பயணி மேல் அல்ல, முன்னால் போகும் லாரி மேல். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008-ல் வந்தன. அதில் அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 பைசா. மூன்றரை மடங்குகூட இல்லை. சாலைக்கு ஆகும் சேதமோ அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறும். 1958–60-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லாரிகளை ஓட்டி ஓட்டிச் சோதித்துக் கண்ட விதி இது. கார் அச்சில் 600 கிலோ, லாரியின் பின் அச்சில் 10.2 டன் என்றால் எடை 17 மடங்கு. சேதம் 17-ஐ நான்கு முறை பெருக்கிய தொகை, 83,521 மடங்கு. லாரி லோடு பாதிக்குப் பாதி கூடினால் சேதம் ஐந்து மடங்கு. 2018 ஜூலையில் நான்கு டயர் அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக அரசே உயர்த்தியது; எடையில் 13 சதவீதம்தான், சேதத்தில் 60 சதவீதம்.

ரயிலில் இது தலைகீழ். பயணிக்கு ஆகும் 100 ரூபாய் செலவில் டிக்கெட்டில் வருவது சுமார் 54 ரூபாய் என்று ரயில்வே அமைச்சரே சொல்லிவருகிறார். துண்டு விழுவதில் பெரும்பகுதியைச் சரக்குக் கட்டணம் ஈடுகட்டுகிறது. சாலையில் கார்க்காரர் லாரியைச் சுமக்கிறார், ரயிலில் சரக்கு பயணியைச் சுமக்கிறது. சரக்கு வியாபாரி எங்கே போவார்? லாரிக்குத்தான். புதிய பாதை எத்தனை போட்டாலும் இந்தக் கட்டண முறையைத் தொடாத வரை பாதிப் பலன்தான் கிடைக்கும்.

கேள்வி: புல்லட் ரயில் தேவையா? – சேலம் வாசகர்

பதில்: மும்பை–அகமதாபாத் 508 கி.மீ.; தொடக்க மதிப்பீடு 1.08 லட்சம் கோடி. 81 சதவீதம் ஜப்பான் கடன், வட்டி 0.1 சதவீதம், 50 வருஷத் தவணை. கடன் மலிவு, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தடத்தில் மூட்டை ஏறாது, பாசஞ்சர் நிற்காது. பணம் எங்கே அதிகப் பலன் தரும் என்று பார்க்க, மேலே சொன்ன கிராசிங் ஸ்டேஷன் கணக்கைத் திரும்ப ஒருமுறை படியுங்கள்.

கேள்வி: ரயிலுக்கு லட்சம் கோடி பேசுகிறார்கள். எங்கள் ஊராட்சிச் சாலை போட்ட இரண்டாம் வருஷமே பெயர்ந்துவிட்டது. யாரைக் கேட்பது, எதைப் பார்ப்பது? – புதுக்கோட்டை மாவட்ட வாசகர்

பதில்: பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டதா என்று பெயர்ப் பலகையைப் பாருங்கள். 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்தில், சாலை போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும். அதற்கான தொகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முடித்த தேதி, பராமரிப்பு முடியும் தேதி இரண்டும் பலகையில் இருக்க வேண்டும். இரண்டாம் வருஷம் பெயர்ந்தால் அவர்தான் சரிசெய்ய வேண்டும். ‘மேரி சடக்’ செயலியில் படத்தோடு புகார் போடலாம்.

அடுத்த முறை போடும்போது கூட நின்று பாருங்கள். கிராமச் சாலையில் மேலே தெரியும் தார்ப் பூச்சு பெரும்பாலும் 20 மில்லிமீட்டர்தான். அது பலத்துக்கு அல்ல, மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் தொப்பி. பலம் அடியில் 75, 75 மில்லிமீட்டராக இரண்டு அடுக்கு போட்டு உருட்டும் ஜல்லியில் இருக்கிறது. ஜல்லி அடுக்கின் மேல் புழுதியைக் கூட்டித் தள்ளாமல் தார் ஊற்றினால், தார் புழுதியோடுதான் ஒட்டும். முதல் மழையில் தோசை போல உரியும்.

புழுதி தட்டிய பிறகு எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தெளிப்பார்கள். தெளித்தவுடன் அது காபிப் பொடி நிறத்தில் பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்து போனபின் கறுப்பாகும். பழுப்பாக இருக்கும்போதே கலவையைக் கொட்டினால் ஈரம் அடியில் சிறைப்பட்டு ஒட்டாது. கறுக்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. வழக்கமான விஜி-30 தார் என்றால் கலவை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி. 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். லாரியிலிருந்து நீலப் புகை வந்தால் தார் கருகிவிட்டது. பளபளப்பு இல்லாமல் கட்டி கட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது. தூரத்துப் பிளான்டிலிருந்து தார்ப்பாய் மூடாமல் வரும் லோடுகளில் இந்தக் குறை அதிகம்.

பிறகு வாட்டம். தார்ச்சாலையின் நடு உயர்ந்து, இரு ஓரமும் 2.5 சதவீதம் தாழ வேண்டும். 3.75 மீட்டர் அகலச் சாலையில் நடுவிலிருந்து ஓரம் 1.875 மீட்டர், ஆகவே ஓரம் நடுவைவிட 4.5 முதல் 5 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். ஒரு கொத்தனார் நூலும் ரசமட்டமும் ஸ்கேலும் போதும், அரை நிமிடத்தில் அளந்துவிடலாம். சாலையோர மண் கரை சாலையைவிட உயரமாக நின்றால் இந்த வாட்டமும் வீண். தண்ணீர் ஓரத்திலேயே தேங்கி அடி ஜல்லியை ஊறவைக்கும். தார்ச்சாலைக்கு லாரியைவிடப் பெரிய எதிரி தண்ணீர்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பெயர்கிறதென்றால் இரண்டைச் சந்தேகப்படுங்கள். ஒன்று, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காக இடிக்காமல் மண்ணைத் தள்ளி மூடியது. இன்னொன்று, குவாரி டிப்பர். பஸ்ஸும் டிராக்டரும் போகும் என்று கணக்கிட்டுப் போட்ட சாலையில் தினம் முப்பது எம்-சாண்ட் லோடு போனால், இருபது வருஷச் சாலை இரண்டு வருஷத்தில் தீரும். அந்தக் குவாரிக்கு உரிமம் கொடுத்தவர்களிடம் சாலைக் கட்டணம் வாங்கியிருக்கிறார்களா என்று கிராம சபையில் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கட்டுகிறார்கள். தண்டவாளத்துக்கு மேலே மட்டும் பாலம் அந்தரத்தில் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஏற வழியில்லை. நான்கு வருஷமாயிற்று. இது சாலைச் செலவா, ரயில் செலவா? – விழுப்புரம் மாவட்ட வாசகர்

பதில்: இரண்டும். அதனால்தான் நிற்கிறது.

மேம்பாலம் கிடைக்குமா என்பதற்கு ஒரு பெருக்கல் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன எண்ணிக்கையால் பெருக்கினால் குறைந்தது 1 லட்சம் வர வேண்டும். 40 ரயில், 2,500 வாகனம் என்றால் தேறிவிடும். தேறினால் ரயில்வே பாதி, மாநிலம் பாதி. பணம் பாதிப் பாதி. வேலை அப்படி அல்ல. தண்டவாளத்துக்கு மேல் வரும் பகுதியை வழக்கமாக ரயில்வே கட்டும், இரு பக்க அணுகு சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். ரயில்வேக்கு நிலப் பிரச்சினை கிடையாது, தன் இடத்திலேயே கட்டிவிட்டுப் போய்விடும். உங்கள் ஊரில் அந்தரத்தில் நிற்பது அந்தப் பகுதி.

அணுகு சாலைக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று பாருங்கள். மின்கம்பி இருக்கும் பாதையில் தண்டவாளத்துக்கும் பாலத்தின் அடிக்கும் 6.525 மீட்டர் இடைவெளி வேண்டும். பாலத்தின் கனம் ஒன்றரை மீட்டர் சேர்ந்தால் 8 மீட்டர். 30-க்கு 1 என்ற சரிவில் 8 மீட்டர் ஏற 240 மீட்டர். இரண்டு பக்கமும் 240. அந்த 240 மீட்டருக்குப் பக்கவாட்டில் சர்வீஸ் ரோடும் வேண்டும். நம் ஊர்களில் ரயில்வே கேட்டை ஒட்டிய 240 மீட்டர் என்பது அப்படியே கடைவீதி. நில எடுப்பு அங்கேதான் சிக்கும். சில இடங்களில் தண்டவாளத்துக்கு மேல் வில் போன்ற இரும்புக் கர்டர் வைப்பது, பாலத்தின் அடிக் கனத்தைக் குறைத்து இந்த நீளத்தைச் சுருக்கத்தான். அரை மீட்டர் குறைந்தால் பக்கத்துக்கு 15 மீட்டர் மிச்சம். நான்கைந்து கடை தப்பும்.

நீங்கள் செய்யக் கூடியது: தகவல் உரிமைச் சட்டத்தில் ‘பாலம் எப்போது முடியும்’ என்று கேட்காதீர்கள், ‘விரைவில்’ என்று பதில் வரும். நில எடுப்பு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் 2001-ன் கீழ் நடக்கிறதா, நில உரிமையாளருக்குக் கொடுக்கும் 15(2) அறிவிப்பு எந்தெந்த சர்வே எண்ணுக்குக் கொடுத்தாயிற்று, நிலத்தை எடுப்பதாகச் சொல்லும் 15(1) அறிவிப்பு அரசிதழில் வந்ததா, இழப்பீட்டுத் தொகை வருவாய்த் துறையின் கணக்குக்கு வந்துவிட்டதா, மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் மாற்றுவதற்கு எந்தத் துறை எந்தத் தேதியில் பணம் கட்டியது என்று தனித்தனியாகக் கேளுங்கள். இந்த ஐந்தில் எது காலியாக வருகிறதோ பாலம் அங்கே நிற்கிறது. பெரும்பாலும் கடைசி இரண்டில்தான்.